ஏரிக்கரையில் ஒரு பலகை கூடவா வைக்க முடியாது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "தண்ணீரே இல்லாத கோலாருக்குத் தண்ணீர் வந்திருக்கிறது, அதிலும் குற்றம் சொல்கிறீர்களா?" பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து கர்நாடகத்தின் எங்கள் கோலார் மாவட்டத்து ஏரிகளில் விடும் கே.சி. வேலி (கோரமங்களா – செல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டத்தைப் பற்றி யார் வாய் திறந்தாலும் இந்தப் பதில்தான் வருகிறது. முன்பு அதிகாரிகள் மட்டும் சொன்னார்கள். இப்போது பங்காரப்பேட்டை டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் சொல்கிறார். மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு, அதாவது இரண்டாம் கட்டத்துக்குப் பிறகும் தண்ணீரில் தங்கிவிடுவதை நீக்கும் சுத்திகரிப்பு, வேண்டும் என்ற கோரிக்கை குறித்து உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அந்தத் தண்ணீருக்கு எதிரி இல்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்துதான் என் குடும்பம் சாப்பிட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று எங்கள் கோலார் தங்கவயலின் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, எங்கள் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கானோரைப் போல நானும் பெங்களூர் போகும் மாரிக்குப்பம் ரயிலில் ஏறினேன். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் இறங்கி, ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டராக ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தேன். பகலெல்லாம் பெங்களூரில் உழைத்து, அங்கே சாப்பிட்டு, அங்கேயே கழிப்பறைக்கும் போய்விட்டு இரவு வீடு திரும்புகிறவர்கள் நாங்கள். அந்தத் தண்ணீர் இப்போது குழாய் வழியாக எங்கள் மாவட்டத்துக்கே வருகிறது என்று ரயிலில் ஒரு கேலி உண்டு.

வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோலாரில் வற்றாத ஆறு கிடையாது. மழையை நம்பிய ஏரிகள்தான். அவை வறண்டபோது ஆயிரம் அடிக்கும் கீழே துளை போட்டோம். வந்த தண்ணீரில் ஃபுளோரைடு இருந்தது. கறை படிந்த பற்களோடு வளர்ந்த பிள்ளைகளை எங்கள் கிராமங்களில் எவரும் பார்க்கலாம். 2016 மார்ச்சில் கோலார், சிக்கபள்ளாபூர் மாவட்டங்களின் விவசாயிகள் டிராக்டர் டிராக்டராகப் பெங்களூருக்குப் போய் நிரந்தரப் பாசனம் கேட்டார்கள். அவர்கள் கேட்டது ஆற்றுத் தண்ணீர். கிடைத்தது, கோரமங்களா – செல்லகட்டா பள்ளத்தாக்கில் சேரும் நகரக் கழிவுநீர், இரண்டாம் கட்டம் வரை சுத்திகரிக்கப்பட்டு. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர், ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு, நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் என்பது திட்டம். 2018 ஜூனில் முதல் தண்ணீர் லட்சுமிசாகரா ஏரியில் விழுந்தது. அடுத்த மாதமே நுரை வந்தது.

அந்த நுரையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குப் பெங்களூரின் பெல்லந்தூர் ஏரிதான் நினைவுக்கு வந்தது. ஏரி தீப்பிடித்து எரிந்ததை அதற்கு முன்புதான் உலகமே பார்த்திருந்தது. நிரந்தரப் பாசனப் போராட்டக் குழுவின் தலைவர் ஆஞ்சநேய ரெட்டி உயர் நீதிமன்றம் போனார். தண்ணீர் நின்றது, மறுபடி ஓடியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடுத்தது, பிறகு அந்தத் தடையும் விலகியது. இன்று ஏரிகள் நிரம்பியிருக்கின்றன. கிணறுகளில் தண்ணீர் மேலே வந்திருக்கிறது. தக்காளி போடுகிறவர்கள் மறுபடி தெம்பாகப் போடுகிறார்கள். இதையெல்லாம் மறுக்கிறவன் கோலார் பக்கமே வராதவனாக இருக்க வேண்டும்.

அந்த நுரை பற்றி என் தொழில் அறிவில் இரண்டு வார்த்தை. நுரையை வைத்து மட்டும் தண்ணீர் கெட்டது என்று சொல்ல முடியாது. சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டும் தொட்டியில், அழுக்கைத் தின்னும் கிருமிகள் இன்னும் வளராத நாளில் வெள்ளை நுரை பொங்கும். துணி துவைக்கும் சோப்புத்தூள் அளவுக்கு மீறி வந்தாலும் பொங்கும். தொட்டியில் சேறு பழசாகிவிட்டால் பழுப்பாக, கெட்டியாக மிதக்கும். குழாயிலிருந்து உயரத்தில் இருந்து விழுந்தாலே கொஞ்சம் நுரைக்கத்தான் செய்யும். இவற்றில் எது என்று தெரிய வேண்டுமானால், அன்றைக்கு நிலையத்தில் எழுதிய பதிவேடு வேண்டும். லட்சுமிசாகராவில் கரையில் நின்ற ஜனங்களிடம் அந்தப் பதிவேடு இல்லை. அவர்கள் கையில் செல்போன் இருந்தது, படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு விளக்கம் சொன்ன எவரையும் அவர்கள் நம்பவில்லை. நம்பாததற்கு நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் வேலை பார்த்த குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். சுத்திகரித்த தண்ணீரை அதுவரை செடிகளுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தோம். மீதி சாக்கடைக்குப் போகும். லாரித் தண்ணீர் விலை ஏற ஏற, அதைக் கழிப்பறைத் தொட்டிகளுக்கு ஏற்றலாம் என்று நிர்வாகக் குழு நினைத்தது. நினைத்ததும் ஏற்றிவிடவில்லை. கூட்டம் போட்டார்கள். சண்டை வந்தது. நாற்றம் வருமா, பீங்கானில் கறை படியுமா, விருந்தாளி வந்தால் என்ன நினைப்பார் என்றெல்லாம் கேட்டார்கள். என்னையும் மேடைக்கு அழைத்தார்கள். ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் தொட்டித் தண்ணீரைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அரை மணி நேரத்தில் சேறு அடியில் படிந்து மேலே தெளிவதை எல்லோரும் பார்த்தார்கள். நல்ல தொட்டியின் நிறம் காபி டிகாஷன் போல இருக்கும், வாசனை மழை பெய்த மண்ணைப் போல இருக்கும், காற்று நின்றால் சில மணி நேரத்தில் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று விளக்கினேன். ஐ.டி. கம்பெனி மேலாளர்கள் குனிந்து முகர்ந்து பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா எழுந்து, "கழுவிக்கொள்ளக் கையில் பிடிக்கும் பைப்புக்கும் இதே தண்ணீர்தானா?" என்று கேட்டார். அறை அமைதியானது. குழாய் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், ஆமாம், பல வீடுகளில் அந்தக் கைப்பைப்பு கழிப்பறைத் தொட்டிக்குப் போகும் இணைப்பிலிருந்துதான் பிரிந்திருந்தது. குழந்தைகள் அதைப் பிடித்து விளையாடுவார்கள், முகத்தில் அடித்துக்கொள்வார்கள். பொறியாளருக்கும் எனக்கும் ஆலோசகருக்கும் தோன்றாதது அந்த அம்மாவுக்குத் தோன்றியது. ஏனென்றால் அந்த வீட்டில் குழந்தையைக் கழுவி விடுகிறவர் அவர். இணைப்பை மாற்றிய பிறகுதான் தண்ணீரை ஏற்றினோம். லிஃப்ட் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை வைத்து, தினமும் காலையில் குளோரின் அளவு, கலங்கல், நிறம் ஆகியவற்றை நான் எழுத வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எழுத ஒருநாள் தாமதமானாலும் கேட்க ஆள் இருந்தது.

அந்தப் பலகை வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்கட்டணம் மிச்சமாகும் என்று தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயரை இரவில் நிறுத்தச் சொல்வார்கள். சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் முந்தைய நாளே ஓடவிடச் சொல்வார்கள். அதிகாரி எடுத்துப்போகும் மாதிரி பளிங்காக இருக்கும். பலகை வந்த பிறகு அது நின்றது. அரசு நிலையங்களிலும் இப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. எந்த நிலையமானாலும் யாராவது தினமும் பார்க்கிறார்கள் என்ற பயம் ஆபரேட்டருக்கு இருந்தால்தான் தொட்டி ஒழுங்காக ஓடும். அந்த வேலையில் இருந்தவன் சொல்கிறேன்.

கழிப்பறையில் ஊற்றுகிற தண்ணீருக்கு நகரத்து ஜனங்களிடம் இத்தனை கூட்டம், இத்தனை விளக்கம். நிலத்துக்குள் இறங்கி, கிணற்றில் ஊறி, போர்வெல் வழியாக வீட்டுக்கு வரப்போகிற தண்ணீருக்கு ஒரு மாவட்டத்து ஜனங்களிடம் என்ன கேட்டார்கள்?

"இது குடிப்பதற்கு அல்ல, நிலத்தடி நீரைச் செறிவூட்டுவதற்கு மட்டும்" என்று சொல்லப்படுகிறது. ஏரியிலிருந்து நேராக மோட்டார் வைத்து இறைப்பதற்குக் கூடத் தடை இருக்கிறது. நல்லது. ஆனால் கோலார் கிராமங்களில் குடிநீர் என்பதே நிலத்தடி நீர்தான். நாணயம் போட்டு இருபது லிட்டர் கேன் பிடிக்கும் சுத்திகரிப்பு மையத்துக்கும் போர்வெல்தான் தாய். அந்த நாணயம் இல்லாதவர் போர்வெல் தண்ணீரை அப்படியே குடிக்கிறார். இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு அழுக்கைத் தின்னும் கிருமிகளை வளர்த்து அழுக்கைக் குறைக்கும். நைட்ரஜனும் பாஸ்பரசும் பெரும்பாலும் தண்ணீரிலேயே தங்கிவிடும். ஏரியில் பாசியும் ஆகாயத்தாமரையும் செழிப்பது அதனால்தான். சாயப் பட்டறை, முலாம் பூசும் பட்டறை ஏதாவது திருட்டுத்தனமாகச் சாக்கடையில் கலந்தால் அந்த உலோகத்தைக் கிருமி தின்னாது. மண் வடிகட்டும் என்கிறார்கள். ஓரளவு வடிகட்டும். கோலாரின் பாறைப் பிளவுகளில் எந்த இடத்தில் எவ்வளவு வடிகட்டும் என்பதை ஒவ்வொரு ஏரியிலும் தொடர்ந்து அளந்துதான் சொல்ல முடியும். அளந்து, அதை அந்த ஏரிக்காரர்களிடம் காட்டவும் வேண்டும்.

என் மனைவியின் ஊர் மாலூர் பக்கம். அவர்கள் ஊர் ஏரிக்கு நீருகண்டி ஒருவர் இருந்தார். கோலார் பக்கத்து ஏரிகளில் மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று தண்ணீர் பாய்ச்சுவது நீருகண்டியின் வேலை. மழை குறைந்த ஆண்டில் எத்தனை காணி பயிரிடலாம் என்பதை ஊர் கூடி முடிவு செய்யும், அவர் நிறைவேற்றுவார். ஏரித் தண்ணீரைப் பற்றிக் கிராமத்தைக் கேட்பது புதிதாக யாரும் இறக்குமதி செய்ய வேண்டிய பழக்கம் இல்லை. இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. நீருகண்டிகள் பெரும்பாலும் தலித்துகள். மதகில் இறங்கி மூச்சடக்கி வேலை செய்தவர் அவர், கூடி முடிவெடுத்தது நிலம் உள்ளவர்கள். கூலியாகக் கொஞ்சம் நெல் கிடைக்கும், கூட்டத்தில் வாய் கிடையாது. ஆகவே "ஊரைக் கேட்டோம்" என்று சொல்லிவிட்டு நான்கு பெரிய விவசாயிகளிடம் கையெழுத்து வாங்கி வருவதையும் நான் ஏற்க மாட்டேன். ஏரியில் மாடு குளிப்பாட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், மீன் பிடிக்கிறவர், கரையோரக் குழாயில் குடம் பிடிக்கும் பெண்கள் என எல்லோரும் பேச வேண்டும். எந்தக் கரையில் கசிவு இருக்கிறது, எந்தப் போர்வெல் ஏரிக்கு மிக அருகில் இருக்கிறது, ஏரி உள்வாயில் எங்கே சுடுகாடு இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். குடியிருப்பில் அந்த அம்மா கேட்ட கேள்வி போன்றவை நூறு அவர்களிடம் இருக்கும்.

2002-இல் தொடங்கிய உலக வங்கிக் கடன் திட்டத்தில் கோலார் உள்ளிட்ட மாவட்டங்களில் ஏரிப் பயனாளர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. தூர்வாரும் வேலைக்கு அந்தச் சங்கங்களிடம் பங்குத்தொகை கேட்டு வாங்கினார்கள். காசு கொடுக்க மட்டும் சங்கம், ஏரிக்குள் எந்தத் தண்ணீர் வரலாம் என்று சொல்ல அது வேண்டாமா?

நான் ஒரு முறை, என் மனைவியின் ஊர் ஏரித் தண்ணீரின் சோதனை முடிவைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்தத் துறை என்று எழுதவில்லை. அந்த மேசை போனால் இந்த மேசை, இந்த மேசை போனால் பெங்களூர் என்றார்கள். கடைசியில் ஒருவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லி, "ஐயா, எல்லாம் அளவுக்குள் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்றார். எந்த அளவு, எந்தத் தேதி, எந்த இடத்தில் எடுத்த மாதிரி என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அவரை நான் குற்றம் சொல்லவில்லை, அவருக்கும் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஜனங்களைக் கேட்டால் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள், அதனால்தான் கேட்பதில்லை என்று சிலர் ஆஸ்திரேலியாவை உதாரணம் காட்டுகிறார்கள். டுவூம்பா என்ற ஊரில், கடும் வறட்சியில், சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரில் சேர்க்கலாமா என்று 2006 ஜூலையில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நூற்றுக்கு 62 பேர் வேண்டாம் என்றார்கள். உண்மைதான். ஆனால் அங்கே முதலில் திட்டம் தயாரானது, பிறகுதான் ஜனங்கள் முன் வைத்து ஆமா, இல்லையா என்று கேட்டார்கள். பாதி மனதோடு இருக்கிறவர் அப்படிக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். சிங்கப்பூர் நேர்மாறு. 2002 தேசிய தினத்தில் அறுபதாயிரம் பேர் கையில் 'புதுநீர்' என்று பெயரிட்ட சுத்திகரித்த கழிவுநீர்ப் புட்டியைக் கொடுத்துப் பிரதமரோடு சேர்ந்து குடிக்க வைத்தார்கள், அடுத்த ஆண்டு பார்வையாளர் மையம் திறந்து தண்ணீரை வடிகட்டும் ஒவ்வொரு சவ்வையும் காட்டினார்கள். நன்றாகத்தான் விளக்கினார்கள். முடிவை அரசே எடுத்துவிட்டு விளக்கினார்கள். அங்கே நிலையம் தினமும் ஒழுங்காக ஓடும் என்ற நம்பிக்கை இருந்தது, அதனால் செல்லுபடியானது. நுரையில் தொடங்கிய எங்கள் திட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

நான் கேட்பது இவ்வளவுதான். மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு எந்த முறையில், எந்த ஏரிகளுக்கு முதலில், அதுவரை எந்த ஏரிகளில் விடாமல் இருப்பது என்பவை இன்னும் மாற்றக்கூடிய நிலையில் இருக்கும்போதே அந்தந்த கிராம சபையில் வைக்க வேண்டும். டெண்டர் விட்ட பிறகு வந்து படம் காட்டுவதில் எனக்கு அக்கறை இல்லை. ஒவ்வொரு ஏரிக்கரையிலும், பக்கத்துப் போர்வெல்லிலும் ஊர்க்காரர் முன்னிலையில் மாதிரி எடுத்து, பாதியை அரசு ஆய்வகத்துக்கும் பாதியை ஊர் சொல்கிற கல்லூரி ஆய்வகத்துக்கும் அனுப்ப வேண்டும். முடிவைக் கன்னடத்திலும், தேவையான இடங்களில் தெலுங்கிலும் தமிழிலும் ஏரிக்கரைப் பலகையில் எழுத வேண்டும். முடிவு மோசமாக இருந்தால் தண்ணீரை நிறுத்து என்று சொல்லும் உரிமை கிராம சபைக்கு எழுத்தில் இருக்க வேண்டும். வால்வை மூடுகிறவர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன என்பதும் அதே பலகையில் வேண்டும். இதற்கு ஆயிரம் கோடி தேவையில்லை. ஒரு பெயிண்டர் போதும்.

தமிழ்நாட்டு வாசகர்களும் இதை வேறு மாநிலத்துச் செய்தி என்று தள்ளிவிட வேண்டாம். பெல்லந்தூர், வர்த்தூர் வழியாக இயல்பாக ஓடும் தண்ணீர் போய்ச் சேருவது தென்பெண்ணையில், அதாவது ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு. அதில் ஒரு பகுதியைத் திருப்பித்தான் எங்களுக்கு அனுப்புகிறார்கள். எங்கள் ஏரிகளோ ஒன்று நிரம்பினால் அடுத்தது என்று சங்கிலியாகப் போய்ப் பாலாற்றில் சேர்கின்றன. காவிரியிலிருந்து நூறு கிலோமீட்டர் தூரம் குழாயில் மேலேற்றிக் கொண்டுவந்த தண்ணீர் பெங்களூர்க் குளியலறை வழியாக வாணியம்பாடி வரை போகக்கூடும். ஓசூர்க்காரரையும் வாணியம்பாடிக்காரரையும் யார் கேட்டார்கள் என்பது தனிக் கடிதத்துக்கு உரிய விஷயம்.

எங்கள் தங்கவயலுக்கு இதில் நேரடியான கவலை ஒன்று உண்டு. நூறாண்டுக்கு மேலாக எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது பாலாற்றின் மேல் இருக்கும் பேத்தமங்கலா ஏரி. மேலே உள்ள ஏரிகள் நிரம்பி வழியும் ஒரு நல்ல மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் பேத்தமங்கலாவுக்கு வந்து சேரலாம். இந்த ஊர் ஏற்கெனவே ஒரு முறை கேட்கப்படாமல் விடப்பட்ட ஊர். தங்கம் எடுத்து மிஞ்சிய சயனைடு மண்ணை எங்கள் வாசலுக்கு எதிரே மலை மலையாகக் குவித்தார்கள். காற்றடித்தால் அந்தத் தூள் இன்றும் சோற்றுத் தட்டில் விழுகிறது.

ஆகவே பேத்தமங்கலாவுக்கு அந்தத் தண்ணீர் வரும் முன்பே நகரசபை கூட்டம் கூட்ட வேண்டும். அதிலும் ஒரு சிறு வேண்டுகோள். வழக்கம்போல வேலைநாளில் காலை 11 மணிக்கு வைத்துவிட்டு, "பொதுமக்கள் யாரும் வரவில்லை, ஆட்சேபம் இல்லை" என்று பதிவு செய்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் இந்த ஊரின் பாதிப் பேர் பெங்களூரில் வேலையில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். முடியாவிட்டால் மாலை ரயில் மாரிக்குப்பத்துக்கு வந்து, ஆட்கள் வீட்டுக்குப் போய் முகம் கழுவி வர அரை மணி நேரம் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர்,
ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்.